ஒட்டிய எலும்பை எதற்கு உடைக்க வேண்டும்?

மதுரைப் பக்கம் காறை எலும்பு உடைந்தால் யாரும் பெரிதாகக் கலங்குவதில்லை. கால் உடைந்தால் வீடே கூடி அழும். இடுப்பு என்றால் ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து விசாரிக்கும். கழுத்துக்குக் கீழே தோள் வரைக்கும் குறுக்கே ஓடுகிற இந்த எலும்புக்கு மட்டும் "அது தானா ஒட்டிக்கிரும்" என்ற ஒரே பதில்தான். டீக்கடையிலும் அதைத்தான் சொல்கிறார்கள், டாக்டர்கள் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதில் பொய்யும் இல்லை. பெரும்பாலும் ஒட்டத்தான் செய்கிறது. என் சித்தப்பா மகனுக்கும் ஒட்டியது. எப்படி ஒட்டியிருக்கிறது என்று மட்டும் ரொம்ப நாள் யாரும் பார்க்கவில்லை.

அவனுக்கு ஊர் மேலூர்ப் பக்கம். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்கும் வேலை. லாரி வருவது ராத்திரியில், விடிவதற்குள் மூட்டை எல்லாம் கடைக்குள் போயாக வேண்டும். அப்படி ஒரு விடிகாலையில் வேலை முடிந்து பைக்கில் ஊர் திரும்பும்போது நாலுவழிச் சாலையில் நாய் குறுக்கே வந்துவிட்டது. வலது தோள் தார் ரோட்டில் மோத விழுந்தான். தலைக்கு ஹெல்மெட் இருந்ததால் தப்பித்தான்.

காறை எலும்பு உடைகிற வழக்கமான வழியே இதுதான். கையை ஊன்றி விழுவதைவிட, தோள் நேராகத் தரையில் மோதும்போதுதான் அதிகம் உடைகிறது. பைக்கில் விழுந்தவர்கள், தை மாதம் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் திமில் கைநழுவித் தெறித்து விழுகிற மாடுபிடிக்காரர்கள், எல்லாரும் ஒரே கோலத்தில்தான் வருவார்கள். நல்ல கையால் அடிபட்ட கையின் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள், தலையை அந்தப் பக்கமே சாய்த்திருப்பார்கள். பெரியாஸ்பத்திரி எலும்புப் பிரிவு வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால், ஆள் நிற்கிற நிலையை வைத்தே இன்ன எலும்பு என்று நாமே சொல்லிவிடலாம்.

தம்பியைப் பக்கத்திலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். "லேசா விலகியிருக்கு, கட்டுப் போட்டாப் போதும்" என்றார்கள். அதற்கப்புறம் சித்தியின் பிடிவாதத்தால் நாட்டுக் கட்டு. முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பத்துப் போட்டு, துணியை இரண்டு அக்குளிலும் கொடுத்துச் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டுவிட்டார் கட்டுக்காரர்.

இந்த இடத்தில் கட்டுக்காரரைத் திட்டுவதற்கு எல்லாருக்கும் வாய் துறுதுறுக்கும். எங்கள் வீட்டிலும் பிற்பாடு அதுதான் நடந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்திருந்தாலும் போட்டிருக்கப்போவது எட்டு மாதிரி முதுகில் குறுக்கே வருகிற பட்டை அல்லது கையைத் தொங்கவிடுகிற தூளி, அவ்வளவுதான். டென்மார்க்கில் 1987-இல் இந்த எட்டுப் பட்டையையும் சாதாரணத் தூளியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எலும்பு ஒட்டுவதில் வித்தியாசம் எதுவும் இல்லை. பட்டை போட்டவர்களுக்கு அவஸ்தைதான் அதிகம். வெளியிலிருந்து கட்டுகிற எந்தக் கட்டும் இந்த எலும்பை இழுத்து நீளத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்திவைக்காது. முட்டைப் பத்தாக இருந்தால் என்ன, வெல்க்ரோ வைத்த பட்டையாக இருந்தால் என்ன.

ஏன் நிறுத்திவைக்க முடியாது என்பதற்கு அந்த எலும்பின் வேலையைப் பார்க்க வேண்டும். கையையும் நெஞ்சுக்கூட்டையும் எலும்போடு எலும்பாக இணைப்பது இது ஒன்றுதான். முதுகுப் பக்கம் இருக்கிற தோள்பட்டை எலும்பு முழுக்கத் தசைகளை நம்பித்தான் இருக்கிறது. பந்தலுக்கு முட்டுக் கொடுத்த கம்பு மாதிரி, தோளை நெஞ்சிலிருந்து விலக்கி வெளியே தள்ளிப் பிடித்திருப்பது சுமார் 15 செ.மீ. நீளமுள்ள இந்த எலும்பு. உடைவது பெரும்பாலும் நடுவில்தான், அங்கேதான் அது மெலிந்திருக்கிறது. உடைந்ததும் கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே தூக்கும். கையின் பாரம் வெளிப்பக்கத் துண்டைக் கீழே இறக்கும். நெஞ்சுத் தசை அதை உள்ளே இழுக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதற்கப்புறம் உடம்பு தன் வேலையைச் செய்கிறது. ஏறிய நிலையிலேயே சுற்றிலும் புது எலும்பை வளர்த்துப் பூட்டிவிடுகிறது. படுத்திருக்கும்போது கையின் பாரம் இழுக்காது என்பதால் விலகல் படத்தில் குறைவாகத் தெரியலாம். நிற்கவைத்து எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். தம்பியின் முதல் படம் படுக்கவைத்து எடுத்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வருகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையே வேறு. கருவில் முதன்முதலில் எலும்பாக இறுகத் தொடங்குவது காறை எலும்புதான், முழுதாக வளர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். மரத்திலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்த எட்டு வயதுப் பையனுக்கு அது கோணலாக ஒட்டினாலும் வளர வளரத் தானே நேராகிவிடும். ஊரில் பாட்டிமார் "தானா சரியாயிரும்" என்று சொல்வது பிள்ளைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. முப்பது வயதில் மூட்டை தூக்குகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கட்டுப் பிரித்தபோது தோளுக்கு முன்னால் ஒரு மேடு. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. "சட்ட போட்டா தெரியாதுண்ணே" என்று சிரித்தான். வேலைக்குப் போன பிறகுதான் வினை. தொடக்கத்தில் பத்து மூட்டைக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் தோள் கடுக்கும். லோடு முடியும் முன்பே கை சோர்ந்துவிடும். தலைக்கு மேலே தூக்கி அடுக்குகிற வேலையை அடுத்தவனிடம் தள்ளிவிட ஆரம்பித்தான். பைக் ஓட்டும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. கழுத்துத் தேய்மானம் என்று ஒருவர் கழுத்தைப் படம் எடுத்தார். சத்து ஊசி போட்டார் இன்னொருவர். சித்தி தினமும் எண்ணெய் போட்டு மேட்டை உருவிவிட்டாள். இறுகிய எலும்பு உருவினால் கரைகிற வஸ்துவா?

தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுத்தபோது, டெய்லர் டேப்பை மறுபடி மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஒரு தோளு சின்னதா இருக்கு" என்றாராம். முதலில் சரியாகக் கண்டுபிடித்தவர் அந்த மனிதர்தான்.

தோள் இரண்டு செ.மீ. உள்ளே வந்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நானும் கேட்டிருக்கிறேன். தோள்பட்டை எலும்பு முன்பக்கம் சரிந்து இறங்கிவிடுகிறது. அதைப் பிடித்திருக்கிற தசைகளின் நீளம் மாறிப்போகிறது, அவை இழுக்கிற கோணமும் மாறிப்போகிறது. ஒரு தடவை தூக்கச் சொன்னால் தூக்கிவிடும், திரும்பத் திரும்பத் தூக்கச் சொன்னால் களைத்துவிடும். போதாததற்கு, கைக்குப் போகிற நரம்புக் கற்றையும் ரத்தக் குழாய்களும் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் போகின்றன. எலும்பு இறங்கி, அடியில் புது எலும்பும் திரண்டு நின்றால் அந்தச் சந்து குறுகிவிடும். சுண்டுவிரல் மரத்ததற்குக் காரணம் கழுத்தில் இல்லை, இங்கே இருந்தது.

கோணலாக ஒட்டியதைத் திரும்ப அறுத்து நேராக்க ஆபரேஷன் செய்யலாம் என்று ஒரு எலும்பு சர்ஜன் சொன்ன அன்று சித்தி வீட்டில் பெரிய ரகளை. "ஒட்டுன எலும்ப எவனாச்சும் ஒடைப்பானா? அறுக்கத்தான் சொல்லுவாய்ங்க, அவய்ங்களுக்கென்ன" என்றாள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மருத்துவர்களுமே ரொம்ப காலம் சித்தியின் கட்சியில்தான் இருந்தார்கள். அமெரிக்காவில் சார்லஸ் நீர் என்ற எலும்பு மருத்துவர் 1960-இல் ஒரு கணக்குக் கொடுத்தார். ஆபரேஷன் இல்லாமல் பார்த்த 2,235 பேரில் 3 பேருக்குத்தான் காறை எலும்பு ஒட்டாமல் போனது. இப்படி ஒரு கணக்கு கையில் இருக்கும்போது யார் கத்தியை எடுப்பார்கள்? ஒட்டியதா இல்லையா என்பதைத்தான் அதில் எண்ணினார்கள், ஒட்டிய கையால் என்ன செய்ய முடிகிறது என்பது அந்தக் கணக்கில் வராது.

நோயாளியிடமே கேட்கத் தொடங்கிய பிறகு படம் மாறியது. நடுவில் உடைந்து நன்றாக விலகிய 52 பேரை ஆபரேஷன் செய்யாமல் பார்த்து 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 8 பேருக்கு ஒட்டவே இல்லை, 16 பேர் தோளில் திருப்தி இல்லை என்றார்கள். 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறுகியவர்களுக்குத்தான் தொல்லை அதிகம். 2007-இல் கனடாவில் 132 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன் செய்து, எலும்பைப் பிடித்துவைக்கிற உலோகப் பிளேட் வைத்தார்கள், மற்றவர்களுக்குத் தூளி மட்டும். தூளி போட்டவர்களில் கடைசிவரை தொடர்ந்து பார்த்த 49 பேரில் 9 பேருக்கு, கோணலாக ஒட்டியதால் வருகிற தொல்லை இருந்தது. பிளேட் வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. கனடாவில் செய்த இன்னோர் ஆய்வில், விலகி ஒட்டிய தோள்களை இயந்திரத்தில் வைத்துச் சோதித்தார்கள். கையைப் பக்கவாட்டில் தூக்குகிற பலம் நல்ல தோளில் இருப்பதில் 82 சதவீதம் இருந்தது, அதையே திரும்பத் திரும்பச் செய்கிற தாக்குப்பிடிப்பு 67 சதவீதம்தான். தம்பி "பத்து மூட்டைக்கு அப்புறம்" என்று சொன்னதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

உடனே எல்லாரும் ஆபரேஷன் டேபிளுக்கு ஓட வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவை மையமாக வைத்து 200 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. பிளேட் வைத்தால் ஒட்டாமல் போவது குறைகிறது, ஆனால் எலும்பு ஒட்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது அது. கோணலாக ஒட்டியும் ஒரு குறையும் இல்லாமல் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். எங்கள் தெருவிலேயே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார், மேடு தம்பிக்கு இருந்ததைவிடப் பெரியது, அவருக்குத் தூக்கவேண்டியது பேனா மட்டும். அவரை அறுத்து என்ன ஆகப்போகிறது? சர்ஜனும் அதைத்தான் சொன்னார். "நான் படத்துக்கு ஆபரேஷன் பண்றதில்ல தம்பி. உங்களுக்கு என்ன முடியல, அத சொல்லுங்க மொதல்ல." இந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அவர் முதலில் எடுத்தது டெய்லர் எடுத்த அதே டேப்பைத்தான். தொண்டைக் குழியிலிருந்து தோள் முனை வரை இரண்டு பக்கமும் அளந்தார். அப்புறம் நிற்கவைத்து இரண்டு காறை எலும்பும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எக்ஸ்ரே. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதற்கு நல்ல பக்கம்தான் அளவுகோல். அதற்கும் மேலே சி.டி. ஸ்கேன், ஏனென்றால் எலும்பு குட்டையானதோடு நிற்காமல் முறுக்கிக்கொண்டும் ஒட்டியிருக்கலாம், அது தட்டைப் படத்தில் தெரியாது. சில மாதம் பிசியோதெரபி செய்து பார்க்கச் சொன்னார். வலி கொஞ்சம் குறைந்தது, சோர்வும் மரப்பும் குறையவில்லை.

டொராண்டோவில் மைக்கேல் மெக்கீ என்ற சர்ஜனின் குழு இதே ஆபரேஷன் செய்த 15 பேரின் விவரத்தை 2003-இல் வெளியிட்டிருக்கிறது. சராசரியாக 2.9 செ.மீ. குறைந்திருந்தவர்கள். 14 பேருக்கு நேராக்கிய எலும்பு ஒட்டியது, தோளின் செயல்பாடும் நன்றாகவே முன்னேறியது. ஒருவருக்கு ஒட்டவில்லை. அந்த ஒருவரைப் பற்றித்தான் தம்பி திரும்பத் திரும்பக் கேட்டான். இருக்கிற எலும்பும் ஒட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானதுதான். சர்ஜன் அதை மழுப்பவில்லை. ஒட்டாமல் போகலாம், சீழ் பிடிக்கலாம், நீளத்தை மீட்க இழுக்கும்போது நரம்பு வருந்தலாம். எலும்புக்கு நேர் கீழே கைக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய்களும் நுரையீரலின் நுனியும் இருக்கின்றன. தழும்புக்குக் கீழே தோல் மரத்துப்போவது ரொம்ப சகஜம், மேலோட்டமாக ஓடும் சின்ன நரம்புகள் அந்த இடத்தில்தான் குறுக்கே போகின்றன. எல்லாம் சொல்லிவிட்டு, "பீடிய விட்டாத்தான் டேட் குடுப்பேன்" என்றார். புகை பிடிக்கிறவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போகிற ஆபத்து அதிகம். விட்டுவிட்டான். சித்தி ஆபரேஷனை மன்னித்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

உடைப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டோமே தவிர, சுத்தியலால் அடித்து உடைப்பது எல்லாம் கிடையாது. முழு மயக்கம் கொடுத்து, பாதி உட்கார்ந்த நிலையில் சாய்த்துவைத்து, எலும்பின் போக்கிலேயே தோலைக் கீறுகிறார்கள். சுற்றித் திரண்ட புது எலும்பை எடுத்துத் தனியே வைத்துக்கொள்கிறார்கள், அது பின்னால் தேவைப்படும். பழைய உடைவு எந்த வரியில் போனது என்று தேடிக் கண்டுபிடித்து அந்த வரியிலேயே மெல்லிய ரம்பத்தால் அறுக்கிறார்கள். இந்தத் தேடல்தான் வேலையில் கஷ்டமான பகுதி என்றார் சர்ஜன். அறுத்தபின் இரண்டு துண்டின் முனையிலும், அடைந்துபோன மஜ்ஜைக் குழியைத் துளைபோட்டுத் திறக்கிறார்கள். ரத்தம் ஓடினால்தான் ஒட்டும். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நல்ல பக்கத்து அளவுக்குக் கொண்டுவந்து, முறுக்கையும் திருத்தி, எலும்பின் வளைவுக்கு ஏற்றபடி வளைத்துச் செய்த பிளேட்டை வைத்து ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். எடுத்து வைத்த பழைய எலும்பைப் பொடித்து இணைப்பைச் சுற்றி அடைக்கிறார்கள். இடைவெளி பெரிதாக விழுந்தால் இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து நடுவில் வைப்பதும் உண்டு. தம்பிக்கு அது தேவைப்படவில்லை.

கண் விழித்ததும் விரல்களை ஆட்டிப் பார்த்தவன், மறுநாள் சொன்னது இதுதான். "அண்ணே, தோளு வெளிய வந்துருச்சுண்ணே." கண்ணாடியில் பார்ப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மரப்பு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. மெல்ல மெல்லக் குறைந்து இப்போது எப்போதாவதுதான் வருகிறது.

முதல் சில வாரம் தூளி, குனிந்து நின்று கையை ஊசலாட விடுகிற பயிற்சி. ஆறு வாரத்துக்கு அப்புறம் கையைத் தானாகத் தூக்கும் பயிற்சி. படத்தில் எலும்பு ஒட்டியது உறுதியாகும் வரை, அதாவது மூன்று மாதமோ அதற்கு மேலோ, பாரம் தூக்கவே கூடாது. தினக்கூலிக்காரனுக்கு இதைவிடப் பெரிய செலவு கிடையாது. ஆபரேஷன் செலவுக்காவது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, கடன், சொந்தபந்தம் என்று ஏதாவது வழி பார்க்கலாம். வேலைக்குப் போகாத மாதங்களுக்கு எந்தக் காப்பீடும் இல்லை. மார்க்கெட்டில் கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு மூட்டை எண்ணுகிற வேலையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

உடைந்து சில நாளே ஆனவர்கள் யாராவது இதைப் படித்தால், இதற்காகப் பயப்பட வேண்டாம். நிற்கவைத்து ஒரு படம் கேளுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி ஒரு படம் எடுங்கள், எலும்பு முதல் வாரங்களில் மேலும் விலகுவது உண்டு. எத்தனை செ.மீ. ஏறியிருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எலும்பு முனை தோலைக் குத்தி வெளுக்கவைத்தால், கை மரத்தால், மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். வருஷக்கணக்காகி விட்டவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. உடைந்த உடனே ஆபரேஷன் செய்தவர்களையும் சராசரியாக ஐந்து வருஷம் கழித்துச் செய்தவர்களையும் ஒப்பிட்ட சின்ன ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. பலம் ஏறக்குறைய ஒன்றுதான், தாக்குப்பிடிப்பு மட்டும் தாமதமாகச் செய்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவு.

தம்பி இப்போது பழையபடி லோடு இறக்குகிறான், தலைக்கு மேலும் அடுக்குகிறான். மூட்டையை மட்டும் இடது தோளுக்கு மாற்றிக்கொண்டான், வலது பக்கம் வைத்தால் பிளேட் தோலுக்கடியில் உறுத்துகிறது. காறை எலும்பின் மேல் சதைப்பற்று கிடையாது என்பதால் இது அடிக்கடி வருகிற புகார்தான். எலும்பு நன்றாக இறுகிய பிறகு, உறுத்தினால் பிளேட்டை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். ஆனால் எடுத்தால் ஸ்க்ரூ இருந்த துளைகள் அடையும்வரை மறுபடியும் கொஞ்ச காலம் மூட்டை தூக்கக் கூடாது. பொங்கலுக்கு முன்னால் மார்க்கெட்டில் லோடு அதிகம், கூலியும் அதிகம். தை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். சித்தி இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை.